நின்று பார்த்த வெள்ளை

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த ஸ்டுடியோவில் நான் லைட் பிடித்தேன். கல்யாணங்களில் படம் எடுப்பவருக்குப் பக்கத்தில் கம்பி நுனியில் விளக்கை உயர்த்திக்கொண்டு ஒருவன் நிற்பானே, அந்த வேலை. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பிறகு லாரி கிளீனர், பரோட்டா மாஸ்டருக்குக் கையாள், திருப்பூரில் பனியன் மடிப்பது என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரே இடத்தில் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. ஸ்டுடியோவின் பின்னறையில், திரைத்துணிகளைச் சுருட்டி வைத்திருக்கும் மூலையில் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மழைக்கு ஒழுகாத இடம். தங்கினேன்.

முதலாளியை அண்ணே என்று கூப்பிடுவேன். படம் எடுப்பது அவர். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து ஆல்பமாக அடுக்குவது அவருடைய தங்கை. அவளை அக்கா என்பேன். முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவைப் பார்த்து வந்தார்கள், ஆளைப் பார்த்துப் போனார்கள். அந்தப் போட்டோக்களை வெளுத்ததும் அவள்தான், அண்ணன் பின்னால் நின்று சொல்லச் சொல்ல.

வீடு மாடியில். அங்கே அண்ணி, அண்ணியின் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாகிவிட்ட அண்ணியின் அம்மா. காலையில் அக்கா கிழவிக்கு எல்லாம் அள்ளிப் போட்டுக் கழுவிவிட்டு, சமையலை முடித்துவிட்டு, பத்து மணி வாக்கில் கீழே இறங்கி வருவாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். மாடியில் அவளை எல்லோரும் “ஏய்” என்பார்கள். கீழே வரும் வாடிக்கையாளர்கள் “மேடம், எங்க ஆல்பம் ஆச்சா?” என்று கேட்பார்கள். அந்த நாற்காலி இருக்கும்வரை அவளுக்கு ஒரு நாளில் பாதி அவளுடையது. ஒருமுறை என்னிடம் வாய்விட்டே சொன்னாள்: “இதுவும் இல்லன்னா நான் முழுசா மாடிதான்டா.”

ஐப்பசியில் ஒரு மழை நாளில் மின்னல் இறங்கி, பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. தை முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. இனி லேப்டாப்தான், அங்கங்கே தூக்கிக்கொண்டு போகலாம், மண்டபத்திலேயே படம் போட்டுக் காட்டலாம் என்று அண்ணன் முடிவு செய்தார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் எந்த நிறமாக இருந்தாலும் ஆல்பத்தில் வெள்ளையாக இருக்க வேண்டும். யாரும் அதை வாயால் கேட்க மாட்டார்கள், ஆனால் இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு சுற்று, பெண்ணுக்கு மூன்று சுற்று, பெண்ணின் தங்கைக்கு வேண்டாம். தங்கை மணப்பெண்ணை விட வெள்ளையாகத் தெரிந்தால் அதற்கு வேறு சண்டை. எவ்வளவு வெளுத்தால் போதும் என்று சொல்வது அண்ணன். அக்கா உட்கார்ந்து செய்வாள், அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “ஏத்து, ஏத்து, போதும், விடு” என்பார். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உட்காருகிறவர் வேலைக்காரர், நிற்பவர் முதலாளி. அப்படித்தான் அவர் புரிந்துவைத்திருந்தார்.

லேப்டாப் வாங்க மூன்று பேரும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போனோம். அக்கா கிளம்புமுன் அண்ணியிடம் கேட்டுக்கொண்டு, கிழவிக்குக் கஞ்சியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். வெளுத்த நீலச் சேலை, புதுப் பூ. பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே, “ராம் பதினாறு ஜிபியாவது இருக்கணும்டா, கிராபிக்ஸ் தனியா இருந்தா நல்லது, ஸ்கிரீன்தான் முக்கியம்” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். போனில் அதைப் பற்றிய வீடியோக்களைப் பல நாளாகப் பார்த்திருக்கிறாள். எனக்கு ராம் என்றால் என்னவென்று அப்போது தெரியாது. தலையாட்டினேன்.

கடை மலைக்கோட்டைப் பக்கம், மாடியில், ஏசி போட்டது. கழுத்தில் அட்டை மாட்டிய சேல்ஸ்மேன் பையன் வந்து, “சொல்லுங்க சார், ஆபீஸ் யூஸா, கேமிங்கா?” என்றான்.

“கல்யாண போட்டோ. பொண்ணு மாப்பிள்ளைய எல்லாம் வெள்ளையாக்கணும்” என்றார் அண்ணன்.

“ஆக்கிரலாம் சார்.”

“ஸ்கிரீன்ல கலரு உள்ளபடி தெரியணும்ங்க” என்றாள் அக்கா. “சைடுல இருந்து பாத்தாலும் மாறக் கூடாது.”

பையன் பதிலை அண்ணனைப் பார்த்துச் சொன்னான். அவள் அடுத்துக் கேட்டதற்கும் அண்ணனைப் பார்த்தே சொன்னான். அவள் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். “இதுல ஒரு போட்டோ இருக்கு. எல்லாத்துலயும் போட்டுக் காட்டு.”

பையன் மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்திருந்த லேப்டாப் ஒவ்வொன்றிலும் அதை ஏற்றினான். ஏற்றிய பிறகுதான் என்ன படம் என்று தெரிந்தது. அக்காவின் படம். பெண் பார்க்க அனுப்புவதற்காக எடுத்தது, வெளுப்பதற்கு முன்னால் இருந்த மூலப்படம். பச்சைப் பட்டு, கழுத்து நிறைய அண்ணியிடம் இரவல் வாங்கிய நகை, நெற்றியில் வியர்வை. மேஜை நெடுக, திரை திரையாக அவள் முகம். அதே முகம் மேஜைக்கு இந்தப் பக்கம் பூ வைத்துக்கொண்டு நின்றது.

பக்கத்தில் மகனுக்கு லேப்டாப் பார்க்க வந்திருந்த ஒருவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மகனின் தோளைத் தொட்டுக் காட்டினார்.

அண்ணனுக்கு ஆட்கள் பார்த்தால் உற்சாகம் வந்துவிடும். “இது என் சொந்த டெக்னிக்” என்றார் சத்தமாக. “இவ வெள்ளையா தெரியிற லேப்டாப்புல எவ வேணாலும் வெள்ளையா தெரிவா. இவதான் நம்ம டெஸ்ட்டு.”

“செம சார்” என்றான் பையன்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வேலைக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொரு திரையாகப் பார்க்க ஆரம்பித்தாள். நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள், ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தாள், மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தாள். தன் முகத்தை அவள் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தாள். அது எப்படி முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒன்று பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நின்று பார்த்தால் அதில் அவள் முகம் கழுவி விட்டதுபோல வெளிறி, லேசான நீலம் ஓடித் தெரிந்தது. அண்ணன் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“ஏ, இதப் பாருடா! சினிமாக்காரி மாதிரி இருக்கா!”

“அது வேணாம்ணே” என்றாள் அக்கா ஸ்டூலிலிருந்து. “நின்னு பாத்தா ஒண்ணு தெரியுது, உக்காந்து பாத்தா ஒண்ணு தெரியுது. நீயே உக்காந்து பாரு.”

அவர் உட்காரவில்லை. அவள் எழுந்து போய் வரிசையின் கோடியில் இருந்த ஒன்றைத் தொட்டாள். அதன் திரை மங்கல், சிலேட் மாதிரி, பளபளப்பே இல்லை. அதில் அவள் அவளாகவே இருந்தாள். வியர்வை உட்பட.

“இதுல எங்கேருந்து பாத்தாலும் ஒரே மாதிரி இருக்குண்ணே. உள்ளத உள்ளபடி காட்டுது.”

“உள்ளபடி காட்டுறதுக்கு எதுக்குடி லேப்டாப்பு?” என்றார் அண்ணன். “கண்ணாடி போதாதா?”

கடையே சிரித்தது. பையன் வாயைப் பொத்திக்கொண்டான். மகனோடு வந்தவர் பொத்திக்கொள்ளவில்லை. அண்ணன் சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதர், அதனால்தான் கல்யாண வீடுகளில் அவரைத் தேடிக் கூப்பிடுவார்கள்.

இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. இதைச் சொல்லவேண்டும், இல்லையென்றால் கஞ்சத்தனத்தால் எடுத்தார் என்று நினைப்பீர்கள். பளபளப்பானதை எடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். என்ன இருந்தாலும் அவள் உட்காரப் போகிற இயந்திரம். ஸ்டுடியோவில் அண்ணன் மூடிமேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். சந்தனம் காய்ந்து விசைகளுக்குள் உதிர்ந்தது. அதை அவள் ஊசியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தையில் வேலை குவிந்தது. அவள் உட்கார்ந்து பெண்ணை வெளுப்பாள். அவள் கண்ணுக்குச் சரியாக வரும்போது பின்னால் நிற்கும் அண்ணன் கத்துவார்.

“ஏய், பேயடிச்ச மாதிரி இருக்கு. கொற, கொற.”

“உக்காந்து பாத்தா சரியா இருக்குண்ணே. பிரிண்டுல கொஞ்சம் இருட்டாத்தான் வரும்.”

“எனக்குக் கண்ணு இல்லையா? கொறங்கிறேன்ல.”

அவள் குறைப்பாள். அவர் நின்ற உயரத்திலிருந்து பெண் பால்போலத் தெரிந்ததும், “போதும், விடு” என்பார். அவள் ஒரு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவாள். அந்த மாதம் எல்லா ஆல்பங்களும் இப்படித்தான் உறையூரில் பிரிண்ட் போடும் இடத்துக்குப் போயின.

முதலில் வந்தவர்கள் புத்தூர்க்காரர்கள். பெண்ணின் அம்மா ஆல்பத்தைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் பெண். புதுத் தாலி மஞ்சள் இன்னும் மங்கவில்லை. அந்த அம்மா ஆல்பத்தை மேஜைமேல் போட்ட சத்தத்தில் நான் பின்னறையிலிருந்து வெளியே வந்தேன்.

“என்னங்க இது? இது எம்பொண்ணா? நீங்களே சொல்லுங்க, இதுவா எம்பொண்ணு?”

அண்ணன் பிரித்தார். தாளில் பெண் அவள் இருந்தபடியே இருந்தாள், அதைவிடக் கொஞ்சம் கூடவே இருண்டு. மாநிறப் பெண். அழகாகத்தான் இருந்தாள்.

“வீடியோக்காரன் எடுத்ததுல தகதகன்னு இருக்கா. உங்க ஆல்பத்துல கரிச்சட்டி மாதிரி இருக்கா. மாப்பிள்ள வீட்டுல நடுக்கூடத்துல விரிச்சு வெச்சுக்கிட்டு, பொண்ண மாத்திக் குடுத்துட்டீங்களான்னு கேக்குறாங்க. அவ நாத்தனா கேக்குறா. இவ ராத்திரியெல்லாம் அழுவுறா.”

பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் நிறத்தைப் பற்றித் தன் அம்மா தெருவுக்குக் கேட்கப் பேசுவதை அவள் முதல்முறை கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணன் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா கண் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காமேல் போயிற்று. மேலும் கீழும் பார்த்தார்.

“இதுதான் இதெல்லாம் பண்ணுதா?”

“ஆமாங்க, என் தங்கச்சி.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்லீங்க.”

“அதானே பாத்தேன்” என்றார் அந்த அம்மா. “அதான் எம்பொண்ணத் தன் கலருக்கு இழுத்து வெச்சிருக்கு.”

நான் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபம் நின்று, யோசித்து, முகம் இளகியது. கிளீனராக இருந்தபோது செக்போஸ்ட்டில் மாட்டிய டிரைவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். கேஸை வேறொருவன் தலையில் எழுத வழி கிடைத்துவிட்ட முகம்.

“என்னங்கம்மா பண்றது?” என்றார் மெதுவாக. “வீட்டுப் பொண்ணாச்சேன்னு வெச்சேன். இப்புடிப் பண்ணுவான்னு நான் கண்டேனா? நான் வேற ஆளப் போட்டுப் புதுசா அடிச்சுத் தரேன்.”

“பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார் அந்த அம்மா. அவர் குரலும் இறங்கிவிட்டது. போகும்போது அந்தப் புதுப்பெண் மட்டும் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். வெறுப்பாகத்தான் பார்த்தாள்.

அவர்கள் போன பிறகு அக்கா எழுந்தாள். ஆல்பத்தைத் தூக்கி லேப்டாப் பக்கத்தில் நிறுத்தினாள். திரையில் அதே படத்தைத் திறந்தாள்.

“அண்ணே, ஒரே ஒரு தடவ. இதுல உக்காந்து பாரு.”

அவர் நின்றபடியே திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். முட்டாள் இல்லை அவர்.

“எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது” என்றார். “நாளைலேர்ந்து நீ கீழ வராத.”

அக்கா அழவில்லை. நாற்காலியில் விரித்திருந்த பழைய துண்டை மடித்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

தொடர்ந்து மற்றவர்களும் ஆல்பத்தோடு வந்தார்கள். அண்ணன் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகு ஏறியது. தனக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று மற்ற பெண்களைக் கெடுத்துவிட்டாள், கூடப் பிறந்தவள், என்ன செய்ய. கேட்டவர்களுக்குக் கதை பிடித்திருந்தது. திரையின் கோணத்தைப் பற்றிய கதையைவிட இது நம்புவதற்குச் சுலபம். ஒருவர்கூட சண்டை போடவில்லை. உறையூரில் மனைவியை இழந்த ஒருவரோடு அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்தது. தரகர் வந்து அண்ணியிடம், “மத்த பொண்ணுங்க மொகத்துல கரி பூசுறவள எவன் வீட்டுக்குள்ள சேப்பான்?” என்று கேட்டுவிட்டுக் காபி குடித்துப் போனார். அண்ணி அதை ஜன்னல் பக்கம் நின்று, எனக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள்.

தென்னூரிலிருந்து ஒரு புது ஆள் வந்தான். சின்ன வயசு, வேலை தெரிந்தவன், கெட்டவன் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூடியை இரண்டு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“யாருண்ணே இத எடுத்தது? ஆட்டுக்கு ஒரு கலரு காட்டும், ஒட்டகத்துக்கு ஒரு கலரு காட்டும் போலயே. இதுல போட்டோ வேலையா பாத்தீங்க?”

அக்கா அந்த நேரம் டீயோடு வாசலில் நின்றிருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“தங்கச்சி எடுத்ததுப்பா. இதுதான் வேணும்னு கடையில ஒத்தக் காலுல நின்னா.”

“அண்ணே, கடையில அக்கா வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“ஒனக்குப் படுக்க எடம் வேணுமா, வேணாமாடா?”

வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அக்கா டீயை மேஜையில் வைத்தாள். “சக்கர கம்மிதான். வேணும்னா சொல்லுங்க” என்று புது ஆளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பளபளப்பான லேப்டாப்பை ஒரு டைப்பிங் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு, புது ஆளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். எந்தப் படத்தையும் போட்டுப் பார்க்கவில்லை. புது ஆள் வரிசையில் நடந்து போய், கோடியில் இருந்த மங்கல் திரையைத் தொட்டு, “இது போதும்ணே” என்றான். சேல்ஸ்மேன் பையன் பில் போடும்போது, “மேடம் வரலியா சார்?” என்று கேட்டான். “அவளுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா” என்றார் அண்ணன். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். “தெரிஞ்சவன் எடுத்தா இப்புடித்தான், பட்டுன்னு வேல முடியும்” என்றார். அவள் காட்டியது இதையேதான் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஸ்டுடியோவில் புது ஆள் லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்தான். “ஒரு கைய இந்த வெளிச்சத்துல படம் எடுத்து ஸ்கிரீன்ல போட்டு, அதே கைய பக்கத்துல வெச்சுப் பாத்தா கலரு சரியா இருக்கான்னு தெரிஞ்சிரும்” என்றான். நான் கையை நீட்டினேன். பரோட்டாக் கல் சுட்ட தழும்புகளைப் பார்த்துவிட்டு, “ஒன்னுது வேணாம், திட்டுத்திட்டா இருக்கு” என்றான். அவன் கையிலோ செயினும் பச்சை குத்தியதும் இருந்தன. அண்ணன் மாடியைப் பார்த்துக் கத்தினார்.

“ஏய், கீழ வா.”

வந்தாள். கிழவியைக் கழுவிவிட்டிருக்க வேண்டும், டெட்டால் வாடை அடித்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். புது ஆள் அவள் கையை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, திரையில் திறந்து, “இப்ப கைய ஸ்கிரீன் ஓரத்துல வைங்கக்கா. அசைக்காதீங்க” என்றான். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று வைத்தாள். திரையில் ஒரு கை, வெளியே ஒரு கை. அவன் வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான், நிறத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினான்.

“நீலம் கொஞ்சம் கூட இருக்குங்க” என்றாள் அவள்.

அவன் குறைத்தான். இரண்டு கையும் ஒன்றாயின. “அட, ஆமா!” என்றான்.

“ஒன்னக் கைய வெக்கத்தான் கூப்புட்டோம்” என்றார் அண்ணன். “வாய வெக்க இல்ல.”

புது ஆள் திரையில் எதையோ பதிந்துகொண்டிருந்தான். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்கா குனிந்தவாறே நின்றாள். முதுகு வலித்திருக்கும். நாற்காலியின் முதுகில் சாய்ந்துகொள்ளாமல் இன்னொரு கையைத் தன் முழங்காலில் ஊன்றிக்கொண்டாள்.

“கைய எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள்.

“எடு, எடு. அதான் முடிஞ்சுதே” என்றார் அண்ணன்.

எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். திரையில் அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. புது ஆள் அதை மூடிவிட்டு, “மொத எந்தக் கல்யாணம்ணே?” என்று கேட்டான்.